ஜெர்சித் தீவுக்கு வேலைக்கு வருகிறீர்களா? விமானம் ஏறும் முன்னும் வந்து இறங்கிய பின்னும் செய்ய வேண்டியவை

நர்ஸ் வேலைக்கு, முதியோர் இல்லத்துக்கு, ஹோட்டல் சமையலறைக்கு, கணக்கு எழுதும் நிறுவனங்களுக்கு என்று நம் ஆட்கள் ஜெர்சிக்கு வருவது இப்போது சகஜம். ஆனால் கிளம்புகிறவர்களில் பலர் "யுகே போகிறேன்" என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள். குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. யுகே பற்றி யூடியூபில் பார்த்த விசா விவரம், டாக்டர் விவரம், வரி விவரம் எதையும் இங்கே அப்படியே நம்ப முடியாது. நான் வந்த புதிதில் இதையெல்லாம் வரிசையாகச் சொல்ல ஆள் இல்லாமல் ஒவ்வொரு அலுவலகமாக அலைந்திருக்கிறேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. இது எந்த மாதிரி இடம் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள கால்வாய்த் தீவுகளில் பெரியது ஜெர்சி. பெரியது என்றாலும் நீளம் 9 மைல், அகலம் 5 மைல், அவ்வளவுதான். பிரான்சின் கரை 14 மைலில் இருக்கிறது, வெயில் தெளிவாக அடிக்கும் நாளில் கண்ணுக்கே தெரியும். இங்கிலாந்து இதைப்போலப் பல மடங்கு தூரம். 2021 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1,03,267. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தெற்குக் கரையில் உள்ள தலைநகர் செயின்ட் ஹீலியரில் வசிக்கிறார்கள். தீவில் பிறந்தவர்கள் மொத்தத்தில் பாதிப் பேர்தான், மற்றவர்கள் பிரிட்டனிலிருந்தும் போர்ச்சுகலின் மதேரா தீவிலிருந்தும் போலந்திலிருந்தும் வேறு பல இடங்களிலிருந்தும் வந்தவர்கள். அதனால் வெளியாள் என்று யாரும் உங்களை விநோதமாகப் பார்க்கமாட்டார்கள்.

நீங்கள் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டியது இதுதான்: ஜெர்சி பிரிட்டிஷ் அரசருக்கு உட்பட்டது, ஆனால் யுகே-யின் பகுதி அல்ல. பாதுகாப்பையும் வெளியுறவையும் பிரிட்டன் பார்த்துக்கொள்கிறது. மற்றபடி சட்டம், வரி, மருத்துவமனை, வேலை அனுமதி, வீட்டு விதி எல்லாம் தீவின் சொந்த ஏற்பாடு. ஸ்டேட்ஸ் அசெம்பிளி என்ற 49 உறுப்பினர் சபைதான் இங்கே நாடாளுமன்றம், அரசுக்குத் தலைமை முதலமைச்சர். அதற்குக் கீழே தீவு 12 பாரிஷ்களாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பாரிஷுக்கும் கான்ஸ்டபிள் என்று ஒரு தலைவர் உண்டு. பெயரைப் பார்த்துப் போலீஸ்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்த் தலைவர், அந்தப் பதவியாலேயே ஸ்டேட்ஸ் சபையிலும் உட்காருகிறார். டிரைவிங் லைசென்ஸ் முதல் ஒரு வகை வீட்டு வரி வரை உங்கள் வேலை பாரிஷ் ஹாலில்தான் நடக்கும், ஆகவே நீங்கள் குடியிருப்பது எந்தப் பாரிஷ் என்பதை முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. வேலைக்குச் சரி சொல்லும் முன்: உங்களுக்கு எந்த அட்டை?

சம்பளத்தைப் பார்த்து உடனே கையெழுத்துப் போடாதீர்கள். இங்கே வாழ்கிற எல்லோருக்கும், உள்ளூர்க்காரர் உட்பட, ஒரு பதிவு நிலை இருக்கிறது, அது அச்சிட்ட அட்டையைக் காட்டினால்தான் வேலையும் வீடும். 2013 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் ஏற்பாடு இது. நான்கு நிலைகள்:

என்டைட்டில்டு: தொடர்ந்து 10 வருடம் தீவில் வாழ்ந்தவர்களுக்கு. எந்த வேலையும் பார்க்கலாம், வீடு வாங்கலாம், எதையும் வாடகைக்கு எடுக்கலாம்.

லைசென்ஸ்டு: தீவுக்குத் தேவையான திறன் என்று அரசு ஒப்புக்கொண்ட பணிக்கு வருபவர்களுக்கு. வீட்டை உங்கள் பெயரில் வாடகைக்கு எடுக்கலாம், வசதி இருந்தால் வாங்கவும் செய்யலாம். ஆனால் இது அந்த வேலையோடு கட்டிப்போட்டது. வேலை போனால் இந்த நிலையும் போகும்.

என்டைட்டில்டு ஃபார் வொர்க்: தொடர்ந்து 5 வருடம் வாழ்ந்தவர்களுக்கும், மேலே சொன்ன இரு வகையினரைத் திருமணம் செய்தவர்களுக்கும். வேலைக்குக் கட்டுப்பாடு இல்லை, வீட்டுக்கு உண்டு.

ரெஜிஸ்டர்டு: மற்ற புதியவர்கள் எல்லோரும். முதலாளிக்கு இந்த வகை ஆளை வைத்துக்கொள்ளத் தனி அனுமதி இருக்க வேண்டும், நீங்கள் எடுக்கக்கூடிய வீடுகளும் குறைவு.

ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை வந்து ஒன்று லைசென்ஸ்டு, மற்றது ரெஜிஸ்டர்டு என்றால் கண்ணை மூடிக்கொண்டு முதலாவதை எடுங்கள் என்பேன். குடும்பம் உள்ளவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரியது. லைசென்ஸ்டு ஆளின் கணவனோ மனைவியோ இங்கே வந்ததும் எங்கும் வேலை தேடலாம். ரெஜிஸ்டர்டு ஆளின் துணைக்கு அந்த உரிமை கிடையாது, அவரும் ரெஜிஸ்டர்டுதான்.

இதை ஏஜென்டிடம் கேட்காதீர்கள். வேலை தருகிறவரிடமே மின்னஞ்சலில் கேளுங்கள்: "எனக்கு லைசென்ஸ்டு நிலையா, ரெஜிஸ்டர்டு நிலையா? தங்குமிடம் நீங்கள் தருகிறீர்களா? அதற்கு மாதம் எவ்வளவு பிடிப்பீர்கள்?" எழுத்தில் பதில் வரும் வரை நம் ஊர் வேலையை விடாதீர்கள்.

3. வேலை அனுமதியும் விசாவும்

இது இரண்டு படி. முதலில் உங்கள் முதலாளி ஜெர்சி சுங்க, குடிவரவுத் துறையில் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அந்த அனுமதி வந்த பிறகுதான் நீங்கள் விசாவுக்குப் போக முடியும். வேலை அனுமதி என்பது விசா அல்ல, இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அனுமதிக் கடிதம் கைக்கு வந்ததும் உங்கள் பெயர், பாஸ்போர்ட் எண், வேலையின் பெயர், சம்பளம், தேதிகள் எல்லாம் சரியா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

விசா விண்ணப்பம் பிரிட்டன் அரசின் இணையதளத்தில்தான், ஆனால் போகும் இடமாக ஜெர்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விரல் ரேகையும் புகைப்படமும் கொடுக்கச் சென்னையில் உள்ள வி.எஃப்.எஸ். மையம் போதும். விண்ணப்பத்தின் நடுவில் ஆயிரக்கணக்கான பவுண்டு மருத்துவ சர்சார்ஜ் கட்டச் சொன்னால் உடனே நிறுத்துங்கள். கால்வாய்த் தீவுகளுக்கான விசாவுக்கு அந்தக் கட்டணம் கிடையாது, நீங்கள் தவறான படிவத்துக்குள் போயிருக்கிறீர்கள் என்று அர்த்தம். "சர்சார்ஜுக்கு" என்று ஏஜென்ட் பணம் கேட்டாலும் இதே பதில்தான்.

கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், வேலை அனுமதி, வேலைக் கடிதம், படிப்புச் சான்றுகள், திருமணம் ஆனவர்களுக்குத் திருமணப் பதிவுச் சான்று, குழந்தைகளின் பிறப்புச் சான்று, அப்புறம் காசநோய்ப் பரிசோதனைச் சான்று. இந்தியா, இலங்கை இரண்டிலிருந்தும் ஆறு மாதத்துக்கு மேல் தங்க வருபவர்களிடம் இதைக் கேட்பார்கள். எந்த ஸ்கேன் சென்டரிலும் எடுத்தால் செல்லாது, பிரிட்டன் அங்கீகரித்த மருத்துவ மையங்களின் பட்டியல் இருக்கிறது, அதில் ஒன்றில் எடுங்கள். சான்று ஆறு மாதம்தான் செல்லும், எனவே வேலை அனுமதி வரும் முன்பே அவசரப்பட்டு எடுத்து வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.

நர்ஸ்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பிரிட்டனின் நர்சிங் கவுன்சிலில் பதிவு இருந்தால் மட்டும் போதாது, ஜெர்சியிலும் தனியாகப் பதிய வேண்டும். அதைப் பார்ப்பது ஜெர்சி கேர் கமிஷன். மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற வேலைகளுக்குப் போலீஸ் சான்றும் கேட்பார்கள், பாஸ்போர்ட் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், இங்கே வந்த பிறகு வாங்குவது பெரும்பாடு.

நம் தமிழ்ப் பெயர்களில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், சான்றிதழில் இனிஷியல் முன்னால் இருக்கும், வங்கியில் அப்பா பெயர் பின்னால் இருக்கும். இங்கே ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு மாதிரி எழுதிக்கொண்டால் பிறகு வரிக் கணக்கும் வங்கிக் கணக்கும் ஒரே ஆளுடையதா என்று நிரூபிக்க வேண்டி வரும். முடிந்தால் கிளம்பும் முன்பே பாஸ்போர்ட்டில் இரண்டு கட்டங்களையும் நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் விசாவில் எப்படி வந்திருக்கிறதோ அதே எழுத்துகளை எல்லா இடத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹோட்டல், பண்ணை வேலைகளுக்கு 9 மாதம் போன்ற குறுகிய கால அனுமதிகள் உண்டு. அவற்றில் குடும்பத்தைக் கூட்டி வர முடியாது, முடிந்ததும் தீவை விட்டுப் போக வேண்டும். "போய்விட்டால் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். முதலாளியை மாற்ற வேண்டும் என்றாலும் புது முதலாளி புதிதாக அனுமதி வாங்கிய பிறகுதான் முடியும்.

வேலைக் கடிதம் வந்த நாளிலிருந்து விமானம் ஏறும் வரை மூன்று மாதம் என்று கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. அதற்குள் முடிந்தால் சந்தோஷம்.

4. பயணம்

சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை, பெரும்பாலும் லண்டன் வழியாகத்தான். லண்டனில் நீங்கள் இறங்கும் நிலையமும் ஜெர்சி விமானம் கிளம்பும் நிலையமும் ஒன்றுதானா என்று டிக்கெட் எடுக்கும்போதே பாருங்கள். ஹீத்ரோவில் இறங்கி கேட்விக் போய் ஏற வேண்டுமென்றால் பெட்டியோடு சாலையில் போக வேண்டும், ஐந்தாறு மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். பிரிட்டனும் ஜெர்சியும் ஒரே பயண வட்டாரத்தில் இருப்பதால் குடிவரவுச் சோதனை லண்டனிலேயே நடந்துவிடும். அங்கே அதிகாரி கேட்டால் "ஜெர்சியில் வேலை" என்று சொல்லி விசாவையும் வேலை அனுமதியையும் காட்டுங்கள். இவற்றைப் பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல் கைப்பையில் வையுங்கள்.

ஜெர்சி விமான நிலையத்தில் மூடுபனி அடிக்கடி வரும், வந்தால் விமானம் இறங்காது. வேலையில் சேரும் நாளுக்கு முந்தைய இரவு வந்து சேருவது மாதிரி டிக்கெட் எடுக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் முன்னதாக வாருங்கள். நிலையத்திலிருந்து 15-ஆம் எண் பஸ் நேராக செயின்ட் ஹீலியரில் உள்ள லிபரேஷன் ஸ்டேஷனுக்குப் போகும். தீவின் பஸ்கள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

5. பதிவு அட்டை வாங்குவது

வேலை தொடங்கும் முன் இது முடிய வேண்டும். வேலை பார்க்காதவர்களும் மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் பதிய வேண்டும். பதிவு அலுவலகத்தில் நேரம் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். பாஸ்போர்ட், விசா, வேலைக் கடிதம், தீவில் தங்கும் முகவரிக்கான ஆதாரம் ஆகியவை தேவை. நிலையைப் பொறுத்து ஒரு கட்டணமும் உண்டு, சில முதலாளிகள் அதைத் தாங்களே கட்டிவிடுகிறார்கள், கேட்டுப் பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முகவரி ஆதாரம்தான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம். புதிதாக வந்தவருக்குக் கரண்ட் பில் எங்கிருந்து வரும்? முதலாளி தரும் தங்குமிடம் என்றால் அவர் லெட்டர்ஹெட்டில், தேதியும் கையெழுத்துமாக, அறை எண் உட்பட எழுதிய கடிதத்தை வந்த அன்றே கேட்டு வாங்குங்கள். இரண்டு மூன்று அசல் பிரதி வாங்கிக்கொண்டால் வங்கிக்கும் உதவும்.

ஜே.ஒய். என்று தொடங்கும் ஒரு சமூகப் பாதுகாப்பு எண்ணும் உங்களுக்குக் கிடைக்கும். நம் ஊர் ஆதார் எண் அளவுக்கு இதை எல்லா இடத்திலும் கேட்பார்கள். மனப்பாடம் செய்துவிடுங்கள்.

6. வீடு

இந்தத் தீவில் மிகக் கடினமான காரியம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இடம் சிறிது, வருகிறவர்கள் அதிகம், வாடகை லண்டனோடு போட்டி போடுகிறது. செயின்ட் ஹீலியரில் ஒரு படுக்கையறை வீடு மாதம் ஆயிரம் பவுண்டைத் தாண்டும்.

விளம்பரத்தில் வாடகைக்கு முன்னால் பார்க்க வேண்டிய சொல் ஒன்று உண்டு. "குவாலிஃபைடு" என்று போட்டிருந்தால் என்டைட்டில்டு, லைசென்ஸ்டு ஆட்கள் மட்டுமே அதைத் தங்கள் பெயரில் எடுக்க முடியும். ரெஜிஸ்டர்டு ஆட்கள் "ரெஜிஸ்டர்டு" என்று குறித்த வீட்டையோ, லாட்ஜிங் ஹவுஸ் (அறை அறையாக வாடகைக்கு விடும் வீடு) அறையையோ, முதலாளி தரும் இடத்தையோ, ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையையோ தேட வேண்டும். "அட்டையை யாரும் பார்க்கமாட்டார்கள், வந்துவிடுங்கள்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள், சட்டப்படி அது குற்றம், விசாவில் இருப்பவருக்கு அந்த ஆபத்து தேவையே இல்லை.

தனி வீடு எடுத்தால் உங்களுக்கு நல்ல பாதுகாப்பு இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் தர வேண்டும். நீங்கள் கொடுக்கும் அட்வான்ஸ் தொகையை ஓனர் தன் பையில் வைத்துக்கொள்ளக் கூடாது, மைடெபாசிட்ஸ் ஜெர்சி என்ற திட்டத்தில் 30 நாளுக்குள் போட வேண்டும், அதற்கான சான்று உங்களுக்கு வரும். வரவில்லையென்றால் கேளுங்கள். 2024 மே முதல் வாடகைக்கு விடுகிறவர் அதற்கென்று உரிமம் வைத்திருக்கவும் வேண்டும். குடிபோகும் அன்று சுவர், தரை, ஜன்னல், அடுப்பு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே மின்னஞ்சலில் அனுப்பி வையுங்கள். குளிர்காலத்தில் ஈரத்தால் சுவரில் பூஞ்சை பிடிப்பது இங்கே சாதாரணம், நீங்கள் வரும் முன்பே இருந்த பூஞ்சைக்கு உங்கள் அட்வான்ஸில் கை வைக்கக் கூடாது பாருங்கள்.

லாட்ஜிங் அறைக்கு இந்தப் பாதுகாப்பு அப்படியே கிடைக்காது. வாடகைச் சட்டம் தனிச் சமையலும் குளியலும் உள்ள வீட்டுக்குத்தான் பொருந்தும். ஆகவே லாட்ஜிங் எடுக்கிறவர்கள் எத்தனை வார நோட்டீஸ், கரண்டும் தண்ணீரும் சேர்த்தா, அட்வான்ஸ் எப்போது திரும்பும், சமையலறையில் நாம் தாளிக்கலாமா என்பதையெல்லாம் பணம் தரும் முன் எழுதி வாங்குங்கள். கடைசியாகச் சொன்னது அற்பமாகத் தெரியலாம், ஆனால் சூடுபடுத்த மட்டும் அனுமதிக்கும் இடங்கள் உண்டு, தினமும் கடைச் சாப்பாடு என்றால் சம்பளம் அதிலேயே போய்விடும்.

முதல் சம்பளம் வரும் வரை தாக்குப்பிடிக்க ஒரு மாத வாடகை, ஒரு மாத அட்வான்ஸ், சாப்பாட்டுச் செலவு என்று சேர்த்து மூவாயிரம் பவுண்டாவது கைவசம் இருந்தால் நிம்மதி. முதலாளி இடம் தருகிறார் என்றால் ஆயிரம் போதும்.

பணத்தகராறோ ஒப்பந்தச் சந்தேகமோ வந்தால் சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஜெர்சி இலவசமாக ஆலோசனை சொல்கிறது. வேலை சம்பந்தமாக என்றால் ஜாக்ஸ் என்று சுருக்கமாகச் சொல்லும் அமைப்பு இருக்கிறது, அதுவும் இலவசம்.

7. வங்கியும் காசும்

பதிவு அட்டை, பாஸ்போர்ட், முகவரிக் கடிதம், வேலைக் கடிதம் இருந்தால் கணக்கு திறக்கலாம், ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். முதல் சம்பளத்தை எப்படித் தருவார்கள் என்று முதலாளியிடம் முன்பே பேசுங்கள்.

ஜெர்சி தனக்கென்று பவுண்டு நோட்டு அச்சிடுகிறது, ஒரு பவுண்டு நோட்டு கூட உண்டு. மதிப்பு பிரிட்டிஷ் பவுண்டேதான், இங்கே இரண்டும் ஓடும். ஆனால் லண்டன் கடைகளில் ஜெர்சி நோட்டை வாங்க மறுப்பார்கள், சென்னையில் மாற்றவே முடியாது. ஊருக்குப் போகும் முன் கையில் உள்ளதைக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

கடையில் எதை வாங்கினாலும் 5 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பொருள்கள் பெரும்பாலும் கப்பலில் வருவதால் விலையும் கூடுதல், புயல் அடித்துக் கப்பல் நின்றால் அலமாரிகள் காலியாகிவிடும். அரிசியும் பருப்பும் ஒரு மாதத்துக்கு இருப்பு வைப்பது இங்கே புத்திசாலித்தனம். ஊரிலிருந்து வரும்போது மசாலாப் பொடி, பருப்பு கொண்டு வரலாம், இறைச்சி, பால் சேர்ந்த பொருள்களைக் கொண்டு வராதீர்கள்.

8. வரி: சம்பளச் சீட்டைப் படியுங்கள்

இங்கே வரி ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. பிரிட்டன் கணக்கும் இல்லை, நம் ஊர் மார்ச் கணக்கும் இல்லை. மொத்த வருமானத்தில் உச்ச வரி 20 சதவீதம். ஆனால் எல்லோருக்கும் 20 பிடிக்கமாட்டார்கள், இரண்டு விதமாகக் கணக்குப் போட்டு எது குறைவோ அதைத்தான் எடுப்பார்கள். தனி ஆளுக்கு 2024-இல் வரியில்லா வரம்பு 20,000 பவுண்டு. அந்த ஆண்டில் முழுதும் இருந்து 32,000 சம்பாதித்தவருக்கு, வரம்புக்கு மேலான 12,000-இல் 26 சதவீதம் 3,120. மொத்தத்தில் 20 சதவீதம் என்றால் 6,400. குறைவானது 3,120, அதுதான் அவர் வரி. ஆண்டின் நடுவில் வந்தால் வரம்பும் அந்த அளவுக்குக் குறையும், அதையும் கணக்கில் வையுங்கள்.

இது போகச் சமூகப் பாதுகாப்புக்கு உங்கள் சம்பளத்தில் 6 சதவீதம், முதுமைப் பராமரிப்பு நிதிக்கு வருமானத்தைப் பொறுத்து 1.5 சதவீத அடிப்படையில் ஒரு தொகை.

வந்ததும் வரி அலுவலகத்தில் பதிந்து, எத்தனை சதவீதம் பிடிக்க வேண்டும் என்ற நோட்டீஸை வாங்கி முதலாளியிடம் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அவர் பொதுவான உயர்ந்த விகிதத்தில் பிடிப்பார். கூடுதலாகப் போன பணம் திரும்பி வரும்தான், ஆனால் முதல் மாதங்களில்தானே உங்களுக்குக் காசு தேவை. ஆண்டு முடிந்ததும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். காகிதத்தில் என்றால் மே 31, இணையத்தில் ஜூலை 31. தவறினால் 300 பவுண்டு அபராதம். சம்பளத்திலேயே பிடித்துவிட்டார்களே, நாம் எதற்குத் தாக்கல் செய்ய வேண்டும் என்று இருந்துவிடாதீர்கள்.

ஊரில் வாடகை வருமானமோ வைப்பு நிதி வட்டியோ உள்ளவர்கள் கவனிக்க: இந்தியாவுக்கும் பிரிட்டனுக்கும் உள்ள இரட்டை வரி ஒப்பந்தம் ஜெர்சிக்குப் பொருந்தாது. ஜெர்சியோடு இந்தியா செய்திருப்பது தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் மட்டும். அதாவது அங்கே உள்ள கணக்கு இங்கே தெரியவரும், ஆனால் இரட்டை வரியிலிருந்து அந்த ஒப்பந்தம் காப்பாற்றாது. கிளம்பும் முன் ஆடிட்டரைப் பாருங்கள், வங்கிக் கணக்கையும் வெளிநாட்டில் வாழ்பவருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிடுங்கள்.

9. உடம்புக்கு முடியாமல் போனால்

யுகே மாதிரி டாக்டர் இலவசம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள். இங்கே குடும்ப டாக்டரைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும், ஒவ்வொரு முறையும். ஆறு மாதம் தீவில் வாழ்ந்து சமூகப் பாதுகாப்புப் பணமும் கட்டியிருந்தால் ஹெல்த் கார்டு கிடைக்கும். அதற்குப் பிறகு கட்டணத்தில் அரசு ஒரு பகுதியைத் தரும், டாக்டர் எழுதும் மருந்தும் இலவசம். அந்த முதல் ஆறு மாதம்தான் கவலை. அப்போது முழுக் கட்டணம், மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் அதற்கும் பில் வரலாம். ஆகவே ஆறு மாதத்துக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொண்டு வாருங்கள், இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டர் சீட்டோடு சில மாதத்துக்கானதைக் கொண்டு வரலாம். பல், கண்ணாடி வேலைகளை ஊரிலேயே முடித்துவிடுங்கள். அவசரத்துக்கு எண் 999.

10. பாரிஷ் வேலைகள்

ரேட்ஸ் என்று ஒரு வரி உண்டு, வீட்டில் குடியிருப்பவரும் கட்ட வேண்டும். ஜனவரி 1 அன்று யார் குடியிருக்கிறாரோ அவர் பெயரில்தான் அந்த ஆண்டுக்கான பில் வரும். பிப்ரவரியில் வீடு மாறிவிட்டேனே என்றாலும் பில் உங்களைத் தேடி வரும். டிசம்பர் கடைசியில் வீடு மாறப்போகிறவர்கள் இதை நினைவில் வைத்துத் தேதி குறியுங்கள். லாட்ஜிங்கில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டிரைவிங் லைசென்ஸும் பாரிஷ் ஹாலில்தான் தருவார்கள். நம் ஊர் லைசென்ஸை நேரடியாக மாற்றித் தருவார்கள் என்று எதிர்பார்த்து வராதீர்கள், எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் எழுதுவதாகவே திட்டமிடுங்கள். சர்வதேசப் பர்மிட் ஊரிலேயே எடுத்து வந்தால் ஆரம்பத்துக்கு உதவும், எவ்வளவு காலம் அதை வைத்து ஓட்டலாம் என்று உங்கள் பாரிஷ் ஹாலில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மைப்போல இடப்பக்க ஓட்டம்தான். தீவு முழுக்க உச்ச வேகம் மணிக்கு 40 மைல், பச்சைப் பாதை என்று குறித்த குறுகிய சாலைகளில் 15. காப்பீட்டுச் சீட்டைக் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும். செயின்ட் ஹீலியரில் வேலை, அங்கேயே வீடு என்றால் கார் இல்லாமலே காலம் தள்ளலாம், பஸ் நன்றாக ஓடுகிறது.

சம்பளம் வாங்கும் போலீஸ் தவிர ஒவ்வொரு பாரிஷிலும் ஊர்க்காரர்களே சம்பளமின்றிச் செய்யும் கௌரவப் போலீஸும் உண்டு. சென்டனியர் என்பவர் அதில் மூத்தவர். வேகமாக ஓட்டியது போன்ற சின்ன விஷயத்துக்கு நீதிமன்றம் இல்லாமல் பாரிஷ் ஹாலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தால் பயப்படாதீர்கள், ஆனால் கட்டாயம் போங்கள்.

அப்புறம் கடல். இங்கே ஏற்ற இறக்கம் 12 மீட்டர் வரை போகும், உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. லா கார்பியர் கலங்கரை விளக்கத்துக்கும் எலிசபெத் கோட்டைக்கும் நீர் வடிந்த நேரத்தில் நடந்தே போகலாம், திரும்பி வருவதற்குள் பாதை மூழ்கிவிடும். மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் பிள்ளைகளோடு மணலில் வெகுதூரம் போய்விடாதீர்கள், அன்றைய நீர்மட்ட நேரத்தைப் பார்த்துவிட்டே இறங்குங்கள்.

பிரான்ஸ் பக்கத்தில் இருக்கிறதே, ஞாயிற்றுக்கிழமை செயின்ட் மாலோவுக்குக் கப்பலில் போய் வரலாமே என்று தோன்றும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா இல்லாமல் முடியாது.

11. ஐந்து வருடக் கோப்பு

முதல் நாளிலிருந்தே ஒரு கோப்பு போடுங்கள். சம்பளச் சீட்டுகள், வாடகை ஒப்பந்தங்கள், வரி நோட்டீஸ், பயணத் தேதிகள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஐந்தாம் வருடமும் பத்தாம் வருடமும் உங்கள் நிலை மாறும்போது "தொடர்ந்து" வாழ்ந்தீர்கள் என்று காட்ட வேண்டியது நீங்கள்தான். நீண்ட விடுப்பில் ஊருக்குப் போகிறவர்கள் போகும் முன்பே பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு போங்கள், நடுவில் அறுந்தால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கக்கூடும்.

இரண்டு வருடம் வாழ்ந்து, 16 வயது நிரம்பியிருந்தால் தீவுத் தேர்தலில் நீங்களும் ஓட்டுப் போடலாம். இதற்குப் பிரிட்டிஷ் குடியுரிமை தேவையில்லை, நம் பாஸ்போர்ட்டோடு போடலாம். தெரியாமல் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. நாம் கட்டும் வாடகையையும் டாக்டர் செலவையும் முடிவு செய்கிற சபை அது, அவசியம் பதியுங்கள்.

வேலை முடிந்து தீவை விட்டுக் கிளம்புவதானால் வரி அலுவலகம், சமூகப் பாதுகாப்பு, பாரிஷ் மூன்றுக்கும் போகும் தேதியை எழுதிக் கொடுங்கள். அட்வான்ஸ் திரும்பி வந்து, வரிப் பாக்கியோ மீதியோ தீரும் வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.